மூக்கு முட்டச் சாப்பிட்ட மச்சான்

ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, பாத்ரூமில் இருக்கும் பல் பிரஷ் மேல் கரப்பான்பூச்சி ஏறுமா, ஏறாதா? ஏறினால் சும்மா நடந்து போய்விடுமா, இல்லை அதுவும் ஒரு வாய் விளக்கிவிட்டுப் போகுமா? எங்கள் வீட்டில் இந்த வழக்கு ஏறக்குறைய 20 வருடங்கள் நடந்தது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

வழக்காடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. அரசு பஸ் கண்டக்டர். மதுரை - திண்டுக்கல் ரூட்டில் பாதி ஆயுளைக் கழித்தவர். இன்னொருவர் என் தாய்மாமா, அம்மாவின் தம்பி. வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார்.

அப்பாவுக்கு டியூட்டி இல்லாத நாளென்றால் சாயங்காலம் மாமா கடையை அடைத்துவிட்டு, கையில் கிரீஸ் கறையோடு வந்து திண்ணையில் உட்காருவார். அம்மா டீ கொண்டுவந்து வைப்பாள். டம்ளரைத் தொடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும்.

"மச்சான், ஒரு சந்தேகம்."

"கேளு மாப்ள."

"டீயில ஈ விழுந்தா ஈயைத் தூக்கிப் போட்டுட்டு டீயைக் குடிச்சிர்றோம். சாம்பார்ல பல்லி விழுந்தா சாம்பாரையே தூக்கி ஊத்திர்றோம். ஈக்கும் பல்லிக்கும் நடுவுல எந்த சைஸ்ல இருந்து மச்சான் ஊத்தணும்?"

அப்பா எதற்கும் அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டார். செக்கிங் இன்ஸ்பெக்டர் முன்னால் கணக்குக் காட்டுகிற முகத்தோடு யோசிப்பார்.

"சைஸ்ல இல்ல மாப்ள. விருந்தாளி கண்ணுல பட்டா ஊத்தணும். படலேன்னா கரண்டி போதும்."

உள்ளேயிருந்து அம்மா "ச்சீ... திங்கிற நேரத்துல பேசுற பேச்சா இது!" என்பாள். ஆனால் அவள் சிரிப்பை அடக்குவது, பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

காதுக் குரும்பி ஏன் கசக்கிறது, அது கசக்கும் என்று முதலில் கண்டுபிடித்தவன் யார். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவனின் தலைக்கு நேர் மேலே பல்லி எதற்காக வந்து நிற்கிறது. தோசையில் கிடக்கும் முடி நம் வீட்டு முடியென்றால் மன்னிப்பதும், ஓட்டல் முடியென்றால் சண்டை போடுவதும் என்ன நியாயம். இப்படித்தான் இருக்கும். அரசியல் பேச மாட்டார்கள், சொத்து பேச மாட்டார்கள், அடுத்த வீட்டுக் கதை பேச மாட்டார்கள். மனித உடம்பும் அதிலிருந்து வெளியேறும் சங்கதிகளும்தான் அவர்களுக்குப் பாடம்.

இதில் அப்பாவுக்குத் தொழில் அனுபவம் வேறு. பஸ்ஸில் யார் வாந்தி எடுக்கப் போகிறார்கள் என்பதை, எடுப்பதற்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே சொல்லிவிடுவார். "வளவளன்னு பேசிக்கிட்டு வந்த ஆளு திடீர்னு பேச்சை நிறுத்தி, எச்சிலை முழுங்க ஆரம்பிச்சா, அடுத்த ரெண்டு நிமிஷத்துல ஜன்னல் சீட்டு குடுத்துரணும் மாப்ள. இல்லேன்னா முன் சீட்டுக்காரனுக்கு அபிஷேகம்." அவருடைய தோல் பையில் டிக்கெட் கட்டுகளோடு நாலைந்து பாலிதீன் பைகளும் ஓர் எலுமிச்சம்பழமும் எப்போதும் இருக்கும்.

நம் ஊரில் மச்சான் - மாப்பிள்ளை என்றாலே கேலி முறைதான். அண்ணன் தம்பிக்குள் பேச முடியாததை, அப்பன் மகனிடம் வாயே திறக்க முடியாததை, அக்கா புருஷனிடம் பேசலாம். பேசவில்லை என்றால்தான் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். அதனால் இவர்களின் கூத்தை ஊரில் யாரும் விசித்திரமாகப் பார்த்ததில்லை.

ஆனால் இந்தக் கூத்துக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்தது சினிமாதான். 1984-ல் 'வைதேகி காத்திருந்தாள்' வந்தது. அதில் கவுண்டமணி சைக்கிள் கடைக்காரர். ஆல் இன் ஆல் அழகுராஜா. வாடகைக்கு விடும் பெட்ரோமாக்ஸ் விளக்கு எப்படி எரிகிறது என்ற ஒரே ஒரு சந்தேகத்தோடு செந்தில் வந்து, மேன்டிலைக் கையால் பிடித்துப் பொடியாக்குவாரே, அந்த சீன். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் மாமாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அழகுராஜா, காத்துப் பிடிங்க" என்றுதான் வருவார்கள். மாமாவுக்கு அதில் ரகசியப் பெருமை. ஆனால் கடையில் கவுண்டமணியாக இருந்த மனிதர், எங்கள் வீட்டுத் திண்ணையில் கால் வைத்ததும் செந்திலாகிவிடுவார். சந்தேகம் கேட்பது மாமாவின் வேலை, கடுப்பாவது அப்பாவின் வேலை என்று யாரும் சொல்லாமலேயே பிரிந்துவிட்டது.

1989-ல் 'கரகாட்டக்காரன்' வந்தபோது எனக்குப் பத்து வயது. மதுரையில் அந்தப் படம் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. நாங்கள் டூரிங் டாக்கீஸில், மணலில் உட்கார்ந்து பார்த்தோம். வாழைப்பழ சீன் வந்தபோது எனக்குப் பின்னாலிருந்த ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, அவர் தலையில் நாலு பேர் தட்ட வேண்டியதாயிற்று. ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம். வந்து சேர்ந்தது ஒன்று. இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு செந்தில் சொல்லும் பதிலை நான் இங்கே எழுத வேண்டியதே இல்லை. உங்கள் காதில் அது இப்போது கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு பேரும் அந்தப் பழத்தை விடவில்லை. அப்பாவுக்கு அது கண்டக்டர் கணக்கு. "ஒரு ரூபா வாங்கியிருக்கான். 50 பைசாவுக்குத்தான் சரக்கு வந்திருக்கு. பாக்கி 50 பைசா ஷார்ட்டேஜ். ஷார்ட்டேஜுக்கு யாரு பொறுப்பு? வாங்கப் போனவன்." மாமா செந்திலுக்கு வக்கீல். "மச்சான், இன்னொண்ணு எங்கேன்னு கேட்டாங்க. அவன் கையைக் காமிச்சான். பழத்து மேல இது முதல் பழம், இது ரெண்டாவது பழம்னு நம்பர் போட்டிருக்கா? ரெண்டுல எது மிச்சம் இருந்தாலும் அதுதான இன்னொண்ணு?"

யோசித்துப் பாருங்கள், மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. செந்தில் ஏமாற்றுகிறாரா, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறாரா என்பது கடைசி வரை தெரியாது. அவர் முகத்தில் ஒரு துளி கள்ளத்தனம் தெரிந்திருந்தால் அது திருட்டுக் கதையாகிப் போயிருக்கும். கவுண்டமணியின் கோபமும் வெறும் கோபமில்லை. சரியான கேள்வியைக் கேட்டும் பதில் வாங்க முடியாத மனிதனின் தவிப்பு. தாலுகா ஆபீஸில் நின்றவர்களுக்கு அது நன்றாகவே புரியும்.

இந்த இரண்டு படங்களுக்கும் காமெடி டிராக் எழுதியவர் ஏ.வீரப்பன். அவரே நகைச்சுவை நடிகர். அந்தக் காலத்தில் படத்தின் கதை ஒரு பக்கம் போகும், காமெடி தனியாக இன்னொரு பக்கம் போகும். அதனால்தான் கதையே மறந்துபோன படங்களின் காமெடி மட்டும் கேசட்டாகத் தனியே விற்றது. மாமா கடையில் டேப் ரெக்கார்டரில் அதுதான் ஓடும். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள், ஒட்டி முடித்த பிறகும் அந்தப் பக்கம் முடியும்வரை நிற்பார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்குக் கவுண்டமணி எட்டி உதைக்கும் இடங்கள் பிடிக்காது. நிறத்தையும் தலையையும் உருவத்தையும் வைத்துத் திட்டும் இடங்களில் எனக்கும் இப்போது சிரிப்பு வருவதில்லை. என் மகன் நேரடியாகவே கேட்டுவிட்டான், "இதுக்கு ஏம்மா சிரிச்சீங்க எல்லாரும்?" என்று. அவன் பார்ப்பது கோபி - சுதாகரின் 'பரிதாபங்கள்'. அதிலும் இரண்டே பேர்தான்; வீட்டிலும் ஆபீஸிலும் நாம் செய்யும் அபத்தங்கள்தான் சரக்கு. ஆனால் உதை கிடையாது. மாமா போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, "பசங்க நல்லா பண்றாங்க. ஆனா உடம்பு சம்பந்தமா ஆராய்ச்சி பத்தாது" என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

2022 ஜனவரியில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றிருக்கிறார். வார்த்தை வரவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூளையின் இடப்பக்கத்தில் ரத்த ஓட்டம் அடைபட்டிருக்கிறது என்றார்கள். நான் திருப்பூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவர் ஐ.சி.யூ.வில் இருந்தார். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது, கண் சொன்னது. வாய் மட்டும் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு "அ... அ..." என்றது.

டாக்டர் அதற்கு அஃபேசியா என்று பெயர் சொன்னார். நாம் பேசுவது அவருக்குப் பெருமளவு புரியும். அவர் மனதில் இருப்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அதற்கான சொல்லை எடுத்து வாய்க்குக் கொண்டுவருகிற வழி அடைந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க ரைட், ஹோல்டான் என்று கத்திய மனிதருக்கு.

அடுத்து நடந்ததுதான் எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பேச்சு போனதும் எல்லோரும் அவரைக் குழந்தையாக்கிவிட்டார்கள். "அப்பா, சாப்ட்டீங்களா, குட் பாய்" என்று கன்னத்தைத் தட்டினார்கள். கொஞ்ச நாளில் அதுவும் போய், அவர் கட்டிலுக்கு மேலாக ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள், நடுவில் படுத்திருப்பது தலையணை என்பதுபோல. குரலில் ஒரு சாவு வீட்டு மரியாதை.

மாமா மட்டும் மாறவில்லை. விழுங்கினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தார்கள். வடிகட்டிய ராகிக் கஞ்சியை நர்ஸ் சிரிஞ்சில் ஏற்றி, மெதுவாக இறக்குவார். மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மச்சான், இத்தனை வருஷமா கல்யாண வீட்டுல மூக்கு முட்டச் சாப்பிட்டேன், மூக்கு முட்டச் சாப்பிட்டேன்னு சொல்லுவீங்க. இன்னைக்குத்தான் மச்சான் நிஜமாவே சாப்பிடுறீங்க."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்து சிரிஞ்ச் ஆடிவிட்டது. அம்மா தம்பியை முறைத்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். இடது பக்கக் கன்னம் மட்டும் மேலே ஏறியது, தோள் குலுங்கியது. ஸ்ட்ரோக் வந்து ஒன்பது நாளில் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் அசைவு அது.

அதன் பிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை. யூரின் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "ராத்திரிக்கு இப்ப கூடியிருக்கு மச்சான். கலெக்‌ஷன் பரவால்ல" என்பார். நாலு நாள் வெளிக்குப் போகாமல் எனிமா கொடுத்த அன்று, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "வண்டி டெப்போவை விட்டுக் கிளம்பிருச்சு!" என்று அறிவித்தார். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இடுப்பு எலும்பு முறிவு. சிரித்தால் வலிக்கும், தயவுசெய்து அவரை வெளியே அனுப்புங்கள் என்று கெஞ்சினார்.

கேள்விகளையும் நிறுத்தவில்லை. கரப்பான்பூச்சி வழக்கை மறுபடி எடுத்தார். 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தில் கல்யாண சாம்பாரில் மீன் விழுமே, அது எத்தனை நிமிஷம் கொதித்த பிறகு மீன் குழம்பாக மாறியதாகக் கணக்கு என்று கேட்டார். கேட்டுவிட்டு, அப்பா பதில் சொல்லும் நேரத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டுக் காத்திருப்பார். ஒரு நிமிஷம், சில நாள் அதற்கும் மேல். நாங்கள் யாரும் அந்த ஒரு நிமிஷத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் வாயெடுக்கும் முன்பே "தண்ணியாப்பா? ஃபேனாப்பா?" என்று நிரப்பிவிடுவோம். மாமாவுக்கு மருத்துவம் எதுவும் தெரியாது. காமெடியில் கவுண்ட்டர் விழுகிற இடத்தில் இன்னொருத்தர் பேசக் கூடாது என்பது தெரியும்.

வீட்டுக்கு வந்து இரண்டாவது மாதம் தூரத்துச் சொந்தம் ஒருவர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, அப்பாவைப் பார்க்காமலே அம்மாவிடம், "இனிமே என்னம்மா இருக்கு, நாளை எண்ண வேண்டியதுதான். பேங்க் கணக்கெல்லாம் உம் பேருக்கு மாத்தியாச்சா?" என்றார்.

அப்போதுதான் அப்பா பேசினார். ஒரே ஒரு வார்த்தை. தெளிவாக, அழுத்தமாக, உச்சரிப்புச் சுத்தமாக. குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாத வார்த்தை. என் வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டதே இல்லை.

வந்தவர் ஹார்லிக்ஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்; அழுகிறாள் என்று நினைத்துப் பின்னால் போனேன். சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வர. மாமா திண்ணையில் நின்று தெருவுக்கே சொன்னார்: "மச்சான் வந்துட்டாருப்பா!"

ஸ்பீச் தெரபிக்கு வந்த பெண்ணிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. 1861-ல் பாரீஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற ஒரே அசைதான் வருமாம். கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு வசவு வந்து விழுமாம். யோசித்துத் தேடி எடுக்கிற சொல் வேறு, பழக்கத்தில் தானாக வந்து விழுகிற சொல் வேறு. வசவு, சாமி பாட்டு, ஒன்று இரண்டு மூன்று, ஞாயிறு திங்கள் செவ்வாய் போன்றவை பல பேருக்குத் தப்பித்துவிடும் என்றார். "உங்கப்பாவுக்கு வாயில ஊறிப்போன வரிசை எதாவது இருக்கா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. அப்பாவின் எதிரே உட்கார்ந்து, "சமயநல்லூர்..." என்று ஆரம்பித்தாள்.

அப்பா அவளைப் பார்த்தார். "வாடிப்பட்டி" என்றார். "கொடைரோடு. அம்பாத்துரை. திண்டுக்கல்." ஃபேன் படத்தைக் காட்டினால் ஃபேன் என்று சொல்ல வராத வாயில் நாலு ஸ்டாப்பும் வரிசை தப்பாமல் வந்தன.

பழகிய உரையாடலை வசனம் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவதும் ஒரு சிகிச்சை முறைதானாம். அதைக் கேட்டதும் மாமா மறுநாள் இரண்டு சிறுமலைப் பழத்தோடு வந்துவிட்டார். அப்போது டியூபை எடுத்து, மசித்த சாப்பாடு ஆரம்பித்திருந்த நேரம். ஒரு பழத்தை அவரே உரித்துத் தின்றார். இன்னொன்றை அப்பாவின் இடது கையில் வைத்தார். இந்த முறை ஆள் மாற்றி, கவுண்டமணியின் கேள்வியை மாமா கேட்டார், இடுப்பில் கை வைத்து, கண்ணை உருட்டி.

அப்பா கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். உதடு கூடிக் கூடிப் பிரிந்தது, சத்தம் வரவில்லை. பிறகு பழத்தை மெதுவாக உயர்த்தி, மாமாவின் மூக்குக்கு நேராக நீட்டினார். அவ்வளவுதான். முகத்தில் செந்திலைவிடப் பெரிய அப்பாவித்தனம்.

அன்றைக்கு மாமா சிரிக்கவில்லை. திரும்பி நின்று மூக்கைச் சிந்திவிட்டு, "சளி" என்றார். பிறகு, "இதுல ரெண்டு வகை இருக்கு மச்சான்..." என்று ஆரம்பித்துவிட்டார்.

அப்பாவுக்கு இப்போது ஐம்பது, அறுபது வார்த்தை இருக்கிறது. பாதி ஸ்டாப் பேர்கள், கொஞ்சம் டிக்கெட் சம்பந்தப்பட்டவை, கொஞ்சம் அச்சிட முடியாதவை. கம்பை ஊன்றி வாசல் வரை நடப்பார். முன்னேற்றம் நின்று ஒரு வருடமாகிறது. இதற்கு மேல் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் டி.வி.யில் ஆதித்யாவோ சிரிப்பொலியோ ஓடும். மாமா வருவார்.

போன வாரம் மாமாவுக்குக் கடவாய்ப் பல்லைப் பிடுங்கி, வாயில் பஞ்சை வைத்து, சாயங்காலம் வரை பேசக் கூடாது என்று அனுப்பியிருந்தார்கள். அப்படியே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஒருவருக்குப் பேச வராது, இன்னொருவர் பேசக் கூடாது. இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்குத்தான் இந்த வீடு நிம்மதியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அம்மா டீயை வைத்தாள். உள்ளே போனாள். ஐந்து நிமிஷம்கூட இருக்காது, திரும்பி வந்து நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம். பல்லைப் பிடுங்குறாங்கல்ல, அந்தப் பல்லை நம்மகிட்டயே குடுத்துருவாங்களா, இல்ல அவங்களே வச்சுக்குவாங்களா? ஓட்டைப் பல்லை வச்சு அவங்க என்ன பண்ணுவாங்க?"

மாமா கண்கள் விரிய அக்காவைப் பார்த்தார். அப்பா அவசரப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்து, மாமாவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து யோசித்தார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

"பாக்கி," என்றார் அப்பா. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "சில்லறை... இல்ல."

மாமா பஞ்சோடு சேர்த்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்தார்.